பழங்கால விளையாட்டுகள்: கீழ்த்தளத்தில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

மாதம் ஒரு சனிக்கிழமை, சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குப் பழைய விளையாட்டுகளைச் சொல்லிக்கொடுக்கிறேன். அட்டையில் கட்டம் போடுவோம், கல் பொறுக்குவோம், ஆடுவோம். பிள்ளைகள் ஆட்டத்தில் மூழ்கிவிடுவார்கள். கேள்வி கேட்பதெல்லாம் அவர்களை அழைத்துவரும் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும்தான். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

உலகிலேயே முதல் விளையாட்டு எது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்பவர் பெரும்பாலும் "நம்முடையது" என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்கிறார். நான் சொல்லும் பதில் அவருக்குப் பிடிப்பதில்லை.

ஓடுவதும் மல்லுக்கட்டுவதும் மனிதனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்தவை அல்ல. அவற்றுக்குத் தேதி போட முடியாது. மண்ணில் கோடு கிழித்து ஆடியது அடுத்த மழையில் போய்விடும். கல்லிலும் தந்தத்திலும் செய்து, அதையும் கல்லறைக்குள் வைத்து மூடினால்தான் 5,000 ஆண்டு தாங்கும். அதனால் 'மிகப் பழைய விளையாட்டு' என்று நாம் சொல்வதெல்லாம் 'மிகப் பழையதாகக் கிடைத்த பொருள்' என்பதுதான். அந்தக் கணக்கில் எகிப்தின் செனட் பலகையும், இன்றைய ஈராக்கில் இருந்த ஊர் நகரத்தின் பலகையும் முன்வரிசையில் நிற்கின்றன. மல்யுத்தத்துக்கு எகிப்தின் பெனி ஹசன் கல்லறைச் சுவர்கள் இருக்கின்றன. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் தீட்டியவை. ஒரே சுவரில் 200 ஜோடிகளுக்கு மேல், ஒவ்வொன்றும் வேறு பிடி. ஒருவன் கறுப்பு, ஒருவன் செம்பழுப்பு என்று நிறம் பிரித்திருப்பதால் யார் கை, யார் கால் என்று குழப்பமே வராது. பயிற்சிப் புத்தகம் மாதிரி இருக்கும்.

'ஊர்' என்பது தமிழ்ப் பெயரா?

இல்லை. ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். அதை வைத்து வாட்ஸ்அப்பில் ஒன்றும் எழுதிவிடாதீர்கள்.

அந்தப் பலகையில் இன்றைக்கும் விளையாட முடியுமா?

முடியும். எங்கள் கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

1920களில் லெனர்ட் வூல்லி என்ற தொல்லியலாளர் ஊர் நகரத்தின் அரச கல்லறைகளைத் தோண்டியபோது இந்தப் பலகைகள் கிடைத்தன. காலம் ஏறத்தாழ கி.மு. 2600. சிப்பியும் செந்நிறக் கல்லும் நீலக்கல்லும் பதித்த வேலைப்பாடு. மொத்தம் 20 கட்டங்கள்: ஒரு பக்கம் 12, மறுபக்கம் 6, இரண்டையும் இணைக்கும் பாலமாக 2. ஐந்து கட்டங்களில் பூ இருக்கும். ஆளுக்கு ஏழு காய்கள். பகடை நாம் அறிந்த வடிவத்தில் இல்லை. நான்கு முனை கொண்ட சிறு கூம்பு, அதில் இரண்டு முனைகளில் மட்டும் அடையாளம்.

பலகை கிடைத்தும் எப்படி ஆடுவது என்று தெரியாமலே இருந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கி.மு. 177ஆம் ஆண்டைச் சேர்ந்த பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று இருக்கிறது. அதை அங்கே பணியாற்றும் இர்விங் ஃபிங்கெல் படித்தபோது, அது இந்த ஆட்டத்தின் விதிகளைச் சொல்கிறது என்று தெரிந்தது. எழுதியவர் ஓர் எழுத்தர். பெயர் இத்தி மர்துக் பலாத்து. பலகைக்கும் அந்த எழுத்துக்கும் இடையே 2,400 ஆண்டுகள். விதிகள் நடுவே மாறியிருக்கத்தான் செய்யும். ஆனாலும் ஓர் ஆட்டம் அத்தனை காலம் உயிரோடு இருந்ததை நினைத்துப் பாருங்கள்.

எனக்குப் பிடித்த சான்று இன்னொன்று. அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோனின் அரண்மனை வாசலில், மனிதத் தலையும் சிறகும் கொண்ட மாபெரும் காளைச் சிலை நின்றது. அதன் பீடத்தில் யாரோ இதே 20 கட்டங்களைக் கீறிவைத்திருக்கிறார்கள். காவலுக்கு நின்றவர்களின் வேலையாகத்தான் இருக்கும். அரசியோடு புதைத்த நவரத்தினப் பலகையைவிட இந்தக் கிறுக்கல் எனக்கு நெருக்கமாகத் தெரிகிறது.

வீட்டில் ஆட: அட்டையில் கட்டம் போடுங்கள். நான்கு புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை சிமெண்டுத் தரையில் தேயுங்கள். எத்தனை வெள்ளை மேலே விழுகிறதோ அத்தனை கட்டம் நகர்த்தலாம். நடுவரிசை இருவருக்கும் பொது. அங்கே எதிராளியின் காயை வெட்டலாம். பூக்கட்டத்தில் நின்றால் இன்னொரு முறை போடலாம், அங்கே வெட்டும் கிடையாது. ஏழு காயையும் முதலில் வெளியேற்றியவர் வென்றார். ஒரே சிக்கல்: தேக்கா சந்தையில் கொட்டை எடுத்த புளிதான் உடனே கண்ணில் படும். கொட்டையோடு இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

எகிப்தியர்கள் விளையாட்டுப் பலகையை ஏன் கல்லறையில் வைத்தார்கள்?

செனட்டில் 30 கட்டங்கள், பத்துப் பத்தாக மூன்று வரிசை. பகடைக்குப் பதில் ஒரு பக்கம் தட்டையான குச்சிகளை வீசுவார்கள். தொடக்கத்தில் வெறும் பொழுதுபோக்குதான். போகப்போக, காயைப் பலகையின் கடைசிவரை கொண்டுபோவது, இறந்தவர் மறுமைக்குப் போகும் வழியாகவே எண்ணப்பட்டது. அரசி நெஃபர்தாரியின் கல்லறை ஓவியத்தில் அவர் தனியாக உட்கார்ந்து செனட் ஆடுகிறார். எதிரே யாரும் இல்லை. 1922இல் திறந்த துத்தன்காமூன் கல்லறையிலும் செனட் பெட்டிகள் இருந்தன. போன உயிருக்கும் பொழுது போக வேண்டுமே.

தாயக்கட்டை நம்முடைய கண்டுபிடிப்பா?

சிந்துவெளியில், மொகெஞ்சதாரோவிலும் ஹரப்பாவிலும், சுட்டமண் பகடைகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. ஒரு சின்ன வேறுபாடு மட்டும். இன்றைய பகடையில் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் 7 வரும். சிந்துவெளிப் பகடைகள் பலவற்றில் 1க்கு எதிரே 2, 3க்கு எதிரே 4, 5க்கு எதிரே 6. நம் வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டையைப் போல நீண்ட வடிவத்திலும் அங்கே தந்தத்தில் உண்டு. கீழடியிலும் பகடையும் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன. ரிக் வேதத்தில் சூதாடியின் புலம்பலாகவே ஒரு பாடல் இருக்கிறது (பத்தாம் மண்டலம், 34). அதில் பகடை என்பது தான்றிக்காய்.

ஆனால் மெசபடோமியாவிலும் எகிப்திலும் உருட்டினார்கள். லிடியா நாட்டில் பஞ்சம் வந்தபோது ஒரு நாள் சாப்பிட்டு, மறுநாள் பசி தெரியாமல் பகடை உருட்டி, இப்படியே 18 ஆண்டுகள் ஓட்டினார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கதை சொல்கிறார். நம்புவது உங்கள் விருப்பம்.

'சூது' என்று ஓர் அதிகாரமே எழுதித் திட்டிய வள்ளுவருக்கும் ஆட்டம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. "அரங்கின்றி வட்டாடி யற்றே" என்று 401ஆம் குறள் தொடங்கும். படிக்காமல் சபையில் பேசுவது, கட்டம் போடாமல் காய் உருட்டுவது போல என்கிறார். கட்டத்துக்கு அன்றைக்குப் பெயர் அரங்கு, காய்க்குப் பெயர் வட்டு.

அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளை விளையாட விட்டார்களா?

ஒரு பாட்டி கேட்ட கேள்வி. அவருடைய இளமையில் வாசல்படி தாண்டினாலே திட்டு விழுமாம்.

சங்கப் பாடல்களைப் பார்த்தால் பெண்கள் ஆடிக்கொண்டேதான் இருக்கிறார்கள்: ஊசல், பந்து, மணல்வீடு, மணற்பாவை, கழங்கு. கழங்கு என்பது கழற்சிக்காயை மேலே வீசிப் பிடிக்கும் ஆட்டம். புறநானூற்றில் (36) ஆலத்தூர் கிழார் ஒரு போர்க்களச் சூழலைப் பாடுகிறார். கிள்ளிவளவன் கருவூரை முற்றுகையிட்டிருக்கிறான். உள்ளே இருக்கும் அரசன் தன் காவல்மரங்கள் வெட்டுப்படும் ஓசையைக் கேட்டும் வெளியே வரவில்லை. இவனோடு போரிடுவது உனக்குத்தான் வெட்கம் என்பதே பாட்டின் பொருள். அந்தப் பாட்டின் தொடக்கத்தில், ஆன்பொருநை ஆற்று வெண்மணலில் பெண்கள் பொன்னால் செய்த கழங்கை ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த ஆட்டம் உங்களுக்குத் தெரியும். ஊரில் சொட்டாங்கல், கல்லாங்காய். சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடங்களில் ஃபைவ் ஸ்டோன்ஸ். அரிசியோ பயறோ மணலோ அடைத்துத் தைத்த ஐந்து முக்கோணத் துணிப்பொட்டலங்கள். மலாய்க்காரர்களிடம் செரெம்பான். கிரேக்கர்கள் ஆட்டின் கணுக்கால் எலும்பை வைத்து ஆடினார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் பெந்தெலிதா, பொருள் 'ஐந்து கல்' என்பதேதான்! இரண்டு பெண்கள் குந்தி உட்கார்ந்து எலும்புக்காய் ஆடும் சுடுமண் சிலை ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வயது 2,300 ஆண்டுக்கு மேல். உட்கார்ந்திருக்கும் தோரணை நம் பாட்டிமார் தோரணை. யார் யாரிடம் கற்றார்கள் என்று கேட்காதீர்கள். ஐந்து கல்லும் ஒரு கையும் போதும், எங்கே வேண்டுமானாலும் தோன்றியிருக்கும்.

பெற்றோருக்கு மட்டும் ஒரு செய்தி. நற்றிணை 68இல், விளையாடும் தோழியரோடு ஓரை என்னும் விளையாட்டை ஆடாமல் இளையவர்கள் வீட்டுக்குள் அடைந்துகிடப்பது "அறனும் அன்றே, ஆக்கமும் தேய்ம்" என்று ஒரு தோழி சொல்கிறாள். அறமும் இல்லையாம், வீட்டுச் செல்வமும் தேயுமாம். சனிக்கிழமை டியூஷனுக்குப் போகும் வழியில் படித்துப் பாருங்கள். (தோழிக்கு உள்நோக்கம் உண்டு, தலைவியைக் காதலன் பார்க்க வேண்டும். அது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்.)

ஜல்லிக்கட்டும் கிரேக்கத் தீவின் காளை ஓவியமும் ஒன்றுதானா?

கிரீட் தீவின் க்னாசஸ் அரண்மனை ஓவியம் பற்றிய கேள்வி. ஏறத்தாழ 3,500 ஆண்டுப் பழமை. பாய்ந்து வரும் காளையின் முதுகில் ஒருவன் குட்டிக்கரணம் போடுகிறான். முன்னால் ஒருத்தி கொம்பைப் பிடித்திருக்கிறாள், பின்னால் ஒருத்தி கை நீட்டி நிற்கிறாள்.

இரண்டும் வேறு. அங்கே காளையைத் தாண்ட வேண்டும். இங்கே திமிலைத் தழுவி விடாமல் தொங்க வேண்டும், அதனால்தான் ஏறு'தழுவல்'. கலித்தொகையின் முல்லைப் பாடல்கள் காளைகளின் நிறம், மறு, கொம்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வருணிக்கும். குத்துப்பட்டவர்களின் குடல் கொம்பில் மாலையாகத் தொங்குவதையும் மறைக்காது. "கொல்லேற்றுக் கோடஞ்சு வானை மறுமையும் புல்லாளே ஆய மகள்" என்பது அதில் வரும் அடி. கொம்புக்குப் பயந்தவனை ஆயர் மகள் அடுத்த பிறவியிலும் அணைக்க மாட்டாளாம். நமக்கு இங்கே பொங்கலின்போது லிட்டில் இந்தியாவில் கொண்டுவந்து கட்டும் மாடுகளைத் தொட்டுப் பார்ப்பதோடு சரி.

பழந்தமிழர் பார்த்த போட்டி பற்றி நேரடி வருணனை ஏதாவது உண்டா?

உண்டு, அருமையான ஒன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருதினான். சாத்தந்தையார் (புறநானூறு 80) கிட்டத்தட்ட வானொலி வருணனையாளர் மாதிரி சொல்கிறார்: ஒரு கால் மல்லனின் மார்பில் மடங்கியிருக்கிறது, இன்னொரு கால் அவன் முதுகுப் பக்கம் வளைந்திருக்கிறது. மகனோடு பிணங்கியிருந்த தந்தை தித்தன் இதைப் பார்க்க வேண்டுமே என்று ஏங்குகிறார்.

அதே வீரனைக் காதலித்த நக்கண்ணையார் என்ற பெண்புலவர் கூட்டத்தைப் பாடுகிறார் (85). ஊர் இரண்டுபட்டு நிற்கிறது. ஒரு பக்கம் அவன் வென்றான் என்கிறது, மறுபக்கம் இல்லை என்கிறது. இவர் காற்சிலம்பு ஒலிக்க ஓடிப்போய் வீட்டருகே இருந்த பனைமரத்தில் சாய்ந்து நின்று பார்க்கிறார். அவன் வென்றதை நான் கண்டேன் என்று முடிக்கிறார். நடுவர் தீர்ப்பை ஏற்காத ரசிகர்கள் நேற்று முளைத்தவர்கள் இல்லை.

ஒலிம்பிக்கில் இன்று பார்ப்பவை எல்லாம் பழையவையா?

பாதிக்கு மேல் புதியவை. பழைய ஒலிம்பியாவின் கணக்கு கி.மு. 776இல் தொடங்குகிறது. முதல் சில போட்டிகளில் ஒரே ஓட்டம்தான், சுமார் 192 மீட்டர். முதல் வெற்றியாளர் கொரோய்போஸ், தொழிலால் சமையல்காரர். பரிசு காட்டு ஒலிவ இலைக் கிரீடம். இரண்டாம் இடம், மூன்றாம் இடம் என்பதெல்லாம் கிடையாது.

மாரத்தான் 1896 ஏதென்ஸ் போட்டிக்காகச் சேர்த்தது. தீப ஓட்டம் 1936இல் பெர்லினில் தொடங்கியது. 2010 ஆகஸ்டில் முதல் இளையர் ஒலிம்பிக் நம் தீவில் நடந்தபோது அதற்கான சுடரையும் ஒலிம்பியாவில்தான் ஏற்றினார்கள். மெரினா பேயில் அதைப் பார்த்த பலர், 'கிரேக்கர் காலத்து வழக்கம்' என்றே இன்னமும் நம்புகிறார்கள்.

பழைய ஒலிம்பியாவில் மணமான பெண்கள் வேடிக்கை பார்க்கவும் கூடாது. ஆனால் தேரோட்டத்தில் பரிசு ஓட்டியவனுக்கு இல்லை, குதிரையின் சொந்தக்காரருக்கு. அந்த வழியில் ஸ்பார்ட்டாவின் கினிஸ்கா என்ற அரசகுலப் பெண் கி.மு. 396இல் வென்றார், அடுத்த முறையும் வென்றார். கன்னிப்பெண்களுக்கு ஹீரா தெய்வத்தின் பெயரில் தனி ஓட்டப்போட்டியும் உண்டு.

ரோமில் கட்டைவிரலைக் கீழே காட்டினால் மரணமா?

ரோமானிய நூல்கள் விரலைத் 'திருப்பினார்கள்' என்றுதான் சொல்கின்றன. கீழே என்பது பிற்காலத்து ஓவியமும் சினிமாவும் பரப்பியது. எல்லோரும் கேட்பது வாள்வீரர்களைப் பற்றியே. உண்மையில் ரோமானியரின் பெரும் பைத்தியம் தேரோட்டம். டயோக்ளிஸ் என்ற தேரோட்டி 24 ஆண்டுகளில் 4,257 ஓட்டங்களில் இறங்கி 1,462இல் வென்று, 3.5 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களுக்கு மேல் சம்பாதித்து, 42 வயதில் ஓய்வு பெற்றார். இத்தனையும் கல்வெட்டில் இருக்கிறது.

கால்பந்து சீனாவில் பிறந்ததா?

ஹான் அரசமரபின் காலத்தில் படைவீரர்கள் இறகோ முடியோ அடைத்த தோல்பந்தை உதைத்துப் பயின்றார்கள், பெயர் சூஜூ. காலால் ஆடும் பந்தாட்டத்தின் மிகப் பழைய வடிவம் என்று ஃபிஃபா 2004இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் இன்றைய ஆட்டம் 1863இல் லண்டனில் எழுதிய விதிகளின் பிள்ளை. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

துள்ளும் பந்து முதலில் எங்கே வந்தது?

நடு அமெரிக்காவில். சிங்கப்பூர்க்காரர்கள் கொஞ்சம் நின்று கேட்க வேண்டிய கதை.

மெக்சிகோவின் எல் மனாத்தி சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ கி.மு. 1600ஐச் சேர்ந்த ரப்பர் பந்துகள் கிடைத்தன. சேறு மூடியதால் அழுகாமல் தப்பியவை. காஸ்டில்லா என்ற மரத்தின் பாலோடு ஒரு கொடியின் சாற்றைக் கலந்து இறுகவைத்தார்கள். கந்தகம் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் முறை 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அதற்கு 3,000 ஆண்டுகளுக்கு முன்பே இவர்கள் வேறு வழியில் வேலையை முடித்துவிட்டார்கள். பந்து மூன்று நான்கு கிலோ கனம், இடுப்பால் அடிக்க வேண்டும். சிச்சென் இட்சா என்ற பழைய நகரத்தில் இருக்கும் ஆடுகளம் 168 மீட்டர் நீளம். சுவரில் ஓர் ஆள் எட்டாத உயரத்தில் கல்வளையம். அங்கே தலை வெட்டும் காட்சியும் செதுக்கியிருக்கிறது. மெக்சிகோவின் சினலோவா பகுதியில் உலாமா என்ற பெயரில் இன்றும் ஆடுகிறார்கள்.

பந்தையே அறியாதவர்களா ஸ்பானியர்கள்? அறிந்தவர்கள்தான், ஆனால் இப்படித் துள்ளும் பந்தைப் பார்த்ததில்லை. 1528இல், மெக்சிகோவைக் கைப்பற்றிய ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸ் சில ஆட்டக்காரர்களை ஸ்பானிய அரசவைக்கே கூட்டிப்போனார்.

தென் அமெரிக்கக் காட்டின் இன்னொரு ரப்பர் மரத்தின் 22 கன்றுகள் 1877இல் நம் பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு, வந்தன. 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பால் வடிக்கும் முறையை அங்கேதான் வகுத்தார். அப்புறம் நடந்தது நம் குடும்பக் கதை: மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் வெட்டப்போன தாத்தா பாட்டிகள். வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு தாத்தா, தோட்டத்தில் ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்து ஆடியதாகச் சொன்னார். மெக்சிகோக் கதையைவிட அதற்குத்தான் பிள்ளைகள் வாய் பிளந்தார்கள்.

சதுரங்கம்?

இந்தியாவில், குப்தர் காலத்தை ஒட்டி, கி.பி. 6ஆம் நூற்றாண்டு வாக்கில். யானை, குதிரை, தேர், காலாள் என்று நால்வகைப் படை. அங்கிருந்து பாரசீகம், அரபுநாடுகள், ஐரோப்பா. ராணிக்கு இன்றைய பலம் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் வந்தது. அதுவரை ஒரு கட்டம் மட்டும் நகரும் பாவப்பட்ட மந்திரி. கீழ்த்தளக் கல்மேசையில் சீனத் தாத்தாக்கள் ஆடும் சதுரங்கத்தை எட்டிப் பாருங்கள். அதிலும் யானை உண்டு, ஆற்றைத் தாண்டாது.

பல்லாங்குழியும் சொங்காக்கும் ஒன்றா?

ஒரே குடும்பம். ஆப்பிரிக்காவிலிருந்து நம் தீவுகள்வரை பரவிய குழியாட்டம். சொங்காக்கில் இரு முனையிலும் வீட்டுக்குழி உண்டு, ஒவ்வொரு சுற்றிலும் அதில் ஒரு காய் விழும். நம் பல்லாங்குழியில் பதினான்கு குழி மட்டும். நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்வோம். காய் இல்லை என்று கவலைப்படாதீர்கள். பூங்காவில் உதிர்ந்துகிடக்கும் சிவப்பு சாகா விதை வேறொன்றும் இல்லை, ஊர்ப் பக்கத்து மஞ்சாடிதான்.

அப்போதும் அழுகுணி ஆட்டம் ஆடினார்களா?

ஒரு தொடக்கநிலை மூன்று மாணவன், தோற்ற கையோடு கேட்டது.

ஆடினார்கள். கி.மு. 388இல் யூபோலஸ் என்ற குத்துச்சண்டை வீரன் எதிராளிகள் மூன்று பேருக்குப் பணம் கொடுத்து வென்றான். நான்கு பேருக்கும் அபராதம். அந்தப் பணத்தில் சீயஸ் தெய்வத்துக்கு வெண்கலச் சிலைகள் செய்து, ஓட்டக்களத்துக்குப் போகும் பாதையோரம் நிறுத்தினார்கள். பின்னால் மாட்டியவர்களின் அபராதத்திலும் சிலைகள் சேர்ந்தன. களத்துக்குப் போகும் ஒவ்வொரு வீரனும் அவற்றைக் கடந்தே போக வேண்டும். சிலைகள் இன்றில்லை, பீடங்கள் வரிசையாக நிற்கின்றன.

ரோமானியப் பேரரசன் நீரோவுக்குச் சிலை வைக்க யாருக்குத் துணிவு வரும்? தன் வசதிக்காகப் போட்டியையே கி.பி. 67க்குத் தள்ளிவைத்தான். பத்துக் குதிரை பூட்டிய தேரிலிருந்து விழுந்தான், ஓட்டத்தை முடிக்கவில்லை, கிரீடம் அவனுக்கே. நடுவர்களுக்கு 2,50,000 டிராக்மா வெகுமதி, அது கிரேக்க நாணயம். அடுத்த ஆண்டு அவன் செத்தான். அவனுக்குப் பின் பேரரசனான கால்பா, நடுவர்களிடம் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டான்.